ஓப்பன் டபிள்யூஆர்டி போட்டதும் நெட் போய்விட்டதா? நாலாவது தடவை ஃப்ளாஷ் செய்வதற்கு முன்

தம்பி கேட்டிருப்பது இது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு. ஹாலில் ஃபைபர்காரர்கள் மாட்டிவிட்டுப் போன பெட்டி, அதிலிருந்து ஒரு கேபிள் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 ரவுட்டருக்கு. ஞாயிறு மாலை அந்த ரவுட்டரில் கம்பெனி கொடுத்த ஃபர்ம்வேரை (ரவுட்டரை ஓட்டும் உள் மென்பொருள்) எடுத்துவிட்டு, ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேரை ஏற்றியிருக்கிறார், அதாவது ஃப்ளாஷ் செய்திருக்கிறார். லேப்டாப்பைக் கேபிளில் செருகினால் 192.168.1.1 பக்கம் திறக்கிறது, உள்ளேயும் போக முடிகிறது. ஆனால் நெட் இல்லை, வைஃபை பெயரே காணோம். மூன்று தடவை திரும்பத் திரும்ப ஃப்ளாஷ் செய்தும் அதே கதை. வான் என்ற இடத்தில் 192.168.1.5 என்று ஒரு எண் மட்டும் தெரிகிறதாம். நாளை மறுநாள் ஆன்லைன் தேர்வு, பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. பக்கம் திறக்கிறது என்றால் ஃபர்ம்வேர் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். ஃப்ளாஷ் செய்யும் இடத்தில் "கீப் செட்டிங்ஸ்" என்று ஒரு டிக் தானாகவே போடப்பட்டிருக்கும். அதை எடுக்காமல் ஏற்றினால், ஏற்கெனவே இருந்த செட்டிங் அப்படியே திரும்பி வரும். எடுத்துவிட்டு ஏற்றினால் தொழிற்சாலை நிலை வரும். உங்கள் வீட்டில் சிக்கலே அந்தத் தொழிற்சாலை நிலைதான். ஆக எப்படி ஏற்றினாலும் நின்ற இடத்திலேயேதான் நிற்பீர்கள்.

நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பம். அக்கம்பக்கம், சொந்தக்காரர் வீடு, சின்னக் கடைகள் என்று இந்த வேலையைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். புது ஃபர்ம்வேர் கெட்டுப்போய் நெட் நின்றதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பழைய ஃபர்ம்வேர் சத்தமில்லாமல் செய்துவந்த ஏதோ ஒரு வேலையை இப்போது யாரும் செய்யவில்லை, அதனால் நெட் வரவில்லை. பெரும்பாலும் இவ்வளவுதான் விஷயம். லைன் எடுத்தபோது ஆள் வந்து யூசர்நேம் போட்டிருப்பார், ஒரு எண்ணை அடித்திருப்பார், ஏதோ ஒரு டிக் வைத்திருப்பார். நாம் டீ போட உள்ளே போயிருப்போம். ஃப்ளாஷ் செய்த அன்று அவ்வளவும் அழிந்துபோகிறது.

டபிள்யூஆர்டி என்ற பெயர் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற பழைய ரவுட்டரிலிருந்து வந்தது. அதற்குள் லினக்ஸ் இருந்ததால், ஜிபிஎல் உரிமப்படி 2003இல் மூல நிரலை வெளியிட வேண்டி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2004இல் தொடங்கியதுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி. இன்று எத்தனையோ கம்பெனிகளின் எத்தனையோ மாடல்களில் ஓடுகிறது. அப்படி எல்லா ஊருக்கும் பொதுவாகச் செய்ததால், உங்கள் தெரு ஃபைபர்காரர் என்ன கேட்பார் என்று அதற்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்.

வானில் 192.168.1.5 தெரிகிறது என்றீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. (வான் என்று எழுதினால் ஆகாயம் மாதிரி இருக்கிறது. வெளியுலகத்துக்குப் போகும் பக்கம் என்பதால் பொருத்தம்தான்.) அந்த எண்ணைக் கொடுத்தது ஹாலில் இருக்கும் ஃபைபர் பெட்டி. அப்படியானால் பெட்டியே நிறுவனத்தோடு பேசி, நெட்டை வாங்கி, உங்களுக்குப் பங்கு கொடுக்கும் நிலையில் இருக்கிறது. யூசர்நேம், பாஸ்வேர்டு எதுவும் நீங்கள் ரவுட்டரில் போட வேண்டியதில்லை. பெரிய தலைவலி ஒன்று தீர்ந்தது.

ஆனால் ஃபைபர் பெட்டியின் எண் என்ன? 192.168.1.5ஐக் கொடுத்த பெட்டி பெரும்பாலும் 192.168.1.1 ஆகத்தான் இருக்கும். ஓப்பன் டபிள்யூஆர்டி ஏற்றியதும் உங்கள் ரவுட்டர் தனக்கு வைத்துக்கொண்ட எண்ணும் 192.168.1.1தான். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண். நம் ஊரில் பழைய எண், புது எண் என்று எழுதியாவது பிழைத்துக்கொள்வோம். இங்கே அதுவும் கிடையாது. லேப்டாப்பிலிருந்து வெளியே போக வேண்டிய ஒவ்வொரு பாக்கெட்டையும் ரவுட்டர் வாங்குகிறது. "1ஆம் எண் வீட்டில் கொடு" என்று முகவரி. தபால்காரரின் வீடும் 1ஆம் எண். எல்லாக் கடிதத்தையும் தன் வீட்டிலேயே போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்.

பழைய ஃபர்ம்வேரில் ஏன் இந்தச் சண்டை வரவில்லை என்றால், ஆர்ச்சர் சி6 கடையிலிருந்து வரும்போது அதன் எண் 192.168.0.1. மூன்றாவது இடத்தில் 0, பெட்டியில் 1. தெருவே வேறு, மோதல் இல்லை. ஜியோ ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை வருவதில்லை, அவர்கள் பெட்டி 192.168.29.1 என்று தனித் தெருவில் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஜியோக்காரர் அதே ரவுட்டரில் அதே ஃபர்ம்வேரைப் போட்டு ஒரே தடவையில் நெட் வாங்கியிருந்தால் வயிறு எரிய வேண்டாம், காரணம் இதுதான்.

மாற்றுவதற்கு முன் லேப்டாப்பைப் பாருங்கள். ஃப்ளாஷ் செய்வதற்காக லேப்டாப்பில் கையால் 192.168.1.2 அல்லது 192.168.0.66 என்று ஏதாவது எண் அடித்துவைத்தீர்களா? வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் எல்லோரும் அதைச் செய்வார்கள், முடிந்ததும் எடுக்க மறப்பார்கள். ரவுட்டர் பக்கம் திறக்கும், நெட் வராது. கேட்வேயும் (வெளியே போகும் வாசல்) டிஎன்எஸ்ஸும் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) காலியாக இருக்கும். திரும்ப "தானாகவே பெறு" என்ற நிலைக்கு மாற்றிவிடுங்கள். ஒருவருக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க ரவுட்டரைக் குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் கோளாறு அவர் லேப்டாப்பில்.

சரி, இப்போது ரவுட்டரின் நீல நிற வான் போர்ட்டிலிருந்து கேபிளைக் கழற்றிவிடுங்கள். சண்டை போடும் இரண்டு பேரையும் முதலில் பிரிக்க வேண்டும். லேப்டாப் கேபிள் மற்ற நான்கு போர்ட்டுகளில் ஒன்றில் இருக்கட்டும். லூசி பக்கத்தில் (192.168.1.1 அடித்தால் திறக்கிறதே, அதன் பெயர்தான் லூசி) நெட்வொர்க் மெனு, அதில் இன்டர்ஃபேஸஸ், அதில் லேன் (வீட்டுப் பக்கம்), எடிட். ஐபிவி4 முகவரி 192.168.1.1 என்று இருப்பதை 192.168.10.1 என்று மாற்றுங்கள். 10தான் என்றில்லை, 1 அல்லாத, பெட்டியோடு மோதாத எதுவும் சரி. சேவ் கொடுங்கள்.

இங்கேதான் பலர் விழுகிறார்கள். "சேவ் அண்ட் அப்ளை" அழுத்தியதும் ரவுட்டர் 90 விநாடி எண்ண ஆரம்பிக்கும். அதற்குள் உங்கள் பிரவுசர் புது எண்ணில் அதைத் தொடர்புகொள்ளவில்லை என்றால், ஐயோ இவரால் உள்ளே வர முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, செய்த மாற்றத்தைத் தானே திரும்ப எடுத்துவிடும். நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடுதான். ஆனால் லேன் எண்ணை மாற்றும்போது லேப்டாப் இன்னும் பழைய 192.168.1 தெருவிலேயே நிற்கும், புது எண்ணில் எப்படிப் பேசும்? 90 விநாடி கழித்துப் பார்த்தால் பழையபடி 192.168.1.1. நான் மாற்றினேனே என்று குழம்புவீர்கள். ஆகவே அப்ளை பட்டனின் ஓரத்தில் இருக்கும் சிறிய அம்புக்குறியை அழுத்தி "அப்ளை அன்செக்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். எண்ணாமல், கேட்காமல் அப்படியே போட்டுவிடும். பிறகு லேப்டாப் கேபிளைக் கழற்றி, பத்து எண்ணி, திரும்பச் செருகுங்கள். புது முகவரி கிடைக்கும். 192.168.10.1 திறக்கும். வான் கேபிளைச் செருகுங்கள்.

உங்களுக்கு இங்கேயே நெட் வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். வைஃபை காணோம் என்பது தனி விஷயம், கோளாறே இல்லை. புதிதாக ஏற்றினால் வைஃபை அணைந்த நிலையில்தான் இருக்கும். பாஸ்வேர்டு இல்லாத வைஃபையைத் தெரு முழுக்கத் திறந்துவிடக் கூடாதல்லவா. அதற்கு முன் ரவுட்டர் பக்கத்துக்கே ஒரு பாஸ்வேர்டு வையுங்கள், அதுவும் இப்போது காலி. அப்புறம் நெட்வொர்க் மெனுவில் வயர்லெஸ் போய், நாடு இந்தியா என்று வைத்து, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, எனேபிள் அழுத்துங்கள். வீட்டில் பழைய போன் இருந்தால் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைக்காதீர்கள், அவை ஒட்டாது. 5 கிகாஹெர்ட்ஸில் 36ஆம் சேனல் வையுங்கள். 52 முதல் 144 வரை உள்ள சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரவுட்டர் வாயைத் திறக்கும். குறைந்தது ஒரு நிமிஷம் ஆகும், அதற்குள் நீங்கள் பொறுமையிழந்து வேறு எதையாவது மாற்றிவிடுவீர்கள்.

இதற்கப்புறமும் நெட் வரவில்லை என்றால், அல்லது இதைப் படிக்கிற வேறு யாருக்காவது வானில் வேறு மாதிரி எண் தெரிந்தால், அல்லது எண்ணே இல்லை என்றால், மேலே படியுங்கள்.

ரவுட்டரைத் தொடும் முன் ஃபைபர் பெட்டியின் விளக்கைப் பாருங்கள். பான் என்ற விளக்கு அசையாமல் பச்சையாக எரிய வேண்டும். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ பெட்டிக்கு வெளிச்சமே வரவில்லை. ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. நீங்கள் ரவுட்டரில் என்ன செய்தாலும் பலன் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, அதற்கடுத்த வாரம் ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் செட்டிங் மாற்றிக்கொண்டிருந்தேன். முந்தைய வாரம்தான் அந்த ரவுட்டரில் ஃபர்ம்வேர் போட்டுக் கொடுத்திருந்தேன், அதனால் சந்தேகம் முழுக்க என் வேலை மேலேயே. அந்த வீட்டுப் பாட்டிதான், "அந்தப் பொட்டில செவப்பு லைட்டு எரியுதே, அது எரியலாமா?" என்று கேட்டார். தெருமுனையில் மரம் விழுந்து லைன் அறுந்திருந்தது.

விளக்கு சரி என்றால் அடுத்தது, பெட்டியிலேயே நேராக லேப்டாப்பைச் செருகிப் பாருங்கள். நெட் வந்தால் பெட்டிவரை எல்லாம் சரி, ரவுட்டரில்தான் தேட வேண்டும். வராவிட்டால் பெட்டி வெறும் பாலமாக வைக்கப்பட்டிருக்கலாம், பிரிட்ஜ் என்பார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்து. கேபிளையும் மாற்றிப் பாருங்கள். தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலோர வீடுகளில் உப்புக் காற்று அந்தச் சின்னச் செப்புக் கம்பிகளில் பச்சை படரவைத்துவிடும். வெளியே பார்த்தால் கேபிள் புதுசு மாதிரி இருக்கும்.

இப்போது லூசியில் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து வான் எண்ணைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் பயப்பட வேண்டாம், அது கோளாறில்லை. நிறுவனம் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறது. வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க போர்ட் திறந்தால் மட்டும் வேலை செய்யாது, நெட் நன்றாகவே வரும். 192.168 என்று வந்தால் அதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். எண்ணே வராவிட்டால் பெரும்பாலும் இரண்டு காரணம்.

முதல் காரணம், நிறுவனம் உங்கள் ரவுட்டரின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) பதிவு செய்துவைத்திருப்பது. பெரிய நிறுவனங்களைவிட உள்ளூர் கேபிள் டிவிக்காரர்கள் கொடுக்கும் நெட்டில் இது அதிகம். பழைய ஃபர்ம்வேர் வான் போர்ட்டுக்கு ஒரு மேக் காட்டியிருக்கும். பல மாடல்களில் அது அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள மேக்கைவிடக் கடைசி இலக்கத்தில் ஒன்று கூட இருக்கும். புதிய ஃபர்ம்வேர் வேறு ஒன்றைக் காட்டினால் அந்தப் பக்கம் உங்களை யாரென்றே தெரியாது. நெட்வொர்க் மெனுவில் இன்டர்ஃபேஸஸ், அதில் டிவைசஸ் என்ற பிரிவு, அங்கே வானுக்கான மேக்கைப் பழையதாக மாற்றலாம். ஆனால் பழைய மேக் என்ன என்று ஃப்ளாஷ் செய்யும் முன் யாரும் எழுதிவைப்பதில்லை, நானும் முதல் தடவை எழுதவில்லை. சுலபமான வழி, கேபிள்காரருக்கு ஒரு போன்: "அண்ணே, ரவுட்டர் மாத்தியிருக்கேன், பழைய பைண்டிங்க எடுத்துவிட்டுடுங்க." அவருக்குப் புரியும், இரண்டு நிமிஷ வேலை. ஃபர்ம்வேர், லினக்ஸ் என்று விளக்க ஆரம்பித்தால்தான் நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்பார்.

இரண்டாவது காரணம் பிபிபிஓஈ. பி.எஸ்.என்.எல். ஃபைபர் உள்பட நம் பக்கத்துப் பல இணைப்புகள் இந்த முறைதான். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து "டயல்" செய்தால்தான் கதவு திறக்கும். பெட்டியே டயல் செய்தால் உங்களுக்குக் கவலை இல்லை. பெட்டி பிரிட்ஜில் இருந்தால் டயல் செய்ய வேண்டியது ரவுட்டர். ஓப்பன் டபிள்யூஆர்டியோ, ஏற்றியவுடன் வானில் டிஹெச்சிபி என்ற முறையில் "யாராவது எண் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும். யாரும் கொடுக்க மாட்டார்கள். வான் இன்டர்ஃபேஸைத் திறந்து புரோட்டோகால் பிபிபிஓஈ என்று மாற்றி, யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுங்கள். இருக்கும் வான் இன்டர்ஃபேஸையே மாற்றுங்கள், புதிதாக ஒன்று உருவாக்காதீர்கள். புதிதாக உருவாக்குகிறவர்கள் அதை ஃபயர்வாலில் வான் மண்டலத்தில் சேர்க்க மறக்கிறார்கள். அப்போது வினோதமாக ரவுட்டருக்கு மட்டும் நெட் வரும், வீட்டில் ஒருவருக்கும் வராது.

டயல் ஆகவில்லை என்றால் ஸ்டேட்டஸ் மெனுவில் சிஸ்டம் லாக்கைப் படியுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் உங்களுக்கு என்னைப் போன்ற ஆள் தேவையில்லை. பிபிபிஓஈ எப்படி நடக்கிறது என்றால், ரவுட்டர் முதலில் "அங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று கூவும். அதற்குப் பேடி என்று பெயர். அந்தப் பக்கம் கேட்டால் "இருக்கிறேன்" என்று பேடோ என்ற பதில் வரும். அதன்பிறகுதான் யூசர்நேம், பாஸ்வேர்டு பரிமாற்றம். லாக்கில் "டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் பேடோ பாக்கெட்ஸ்" என்று வந்தால் உங்கள் கூவல் யார் காதிலும் விழவில்லை. பாஸ்வேர்டை நூறு தடவை மாற்றி அடித்தாலும் பயனில்லை, பேச்சு அதுவரை போகவே இல்லை. கேபிள், பெட்டி பிரிட்ஜில் இருக்கிறதா என்பது, விலேன் எண் (அடுத்துச் சொல்கிறேன்), இந்த மூன்றில்தான் தேட வேண்டும். "ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்" என்று வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார், உங்கள் யூசர்நேமோ பாஸ்வேர்டோதான் தவறு. யூசர்நேமில் அட் குறிக்குப் பிறகு வரும் பகுதியை விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். அல்லது பழைய இணைப்பு அந்தப் பக்கம் இன்னும் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் இருக்கலாம். பெட்டி, ரவுட்டர் இரண்டையும் அணைத்து பத்து நிமிஷம் விட்டுவிட்டுப் போடுங்கள்.

விலேன் என்பது ஒரே ஃபைபரில் நெட், தொலைபேசி, டிவி என்று தனித்தனியாக ஓடுவதற்குப் போடும் முத்திரை எண். ஊருக்கு ஊர், ஏன், ஒரே ஊரில் ஒரு பகுதிக்கும் இன்னொன்றுக்கும்கூட எண் மாறும். ஆகையால் எங்கேயோ ஒருவர் எழுதிய எண்ணைப் போட்டுவிட்டு நெட் வரவில்லை என்று அழாதீர்கள். லைன்மேனைக் கேளுங்கள், அல்லது பெட்டியின் வான் பக்கத்தில் பாருங்கள். பெட்டி முத்திரையைத் தானே நீக்கிக் கொடுத்தால் ரவுட்டரில் எதுவும் போட வேண்டாம், அப்படியே அனுப்பினால் போட வேண்டும். போடுவது சுலபம்: இன்டர்ஃபேஸின் டிவைஸ் என்ற இடத்தில் வான் என்று இருப்பதன் பின்னால் ஒரு புள்ளி, அதன்பின் எண்.

இன்னொரு குழி, பழைய பதிப்பிலிருந்து செட்டிங்கோடு மேம்படுத்துவது. 2021இல் வந்த 21.02 பதிப்பில் பல ரவுட்டர்களுக்குப் போர்ட்டுகளைக் கையாளும் முறையே டிஎஸ்ஏ என்று மாறிவிட்டது. அதற்கு முன் வான் என்பது ஈத்0.2 மாதிரி ஒரு பெயரில் இருக்கும், இப்போது நேரடியாக வான். 19.07இல் எழுதிய செட்டிங்கை அப்படியே எடுத்துவந்தால், இல்லாத போர்ட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இங்கே மட்டும் நானே சொல்கிறேன், டிக்கை எடுத்துவிட்டு ஒரு தடவை சுத்தமாக ஏற்றுங்கள்.

வான் எண் வந்துவிட்டது, ஆனால் தளங்கள் திறக்கவில்லை என்றால் நெட்வொர்க் மெனுவில் டயக்னாஸ்டிக்ஸ் போய் 8.8.8.8க்குப் பிங் கொடுங்கள் (அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பது). பதில் வந்து, ஒரு தளத்தின் பெயருக்குப் பிங் கொடுத்தால் வராவிட்டால், நெட் இருக்கிறது, டிஎன்எஸ் இல்லை. எண் தெரியும், பெயர் தெரியாது. வான் இன்டர்ஃபேஸின் அட்வான்ஸ்ட் பகுதியில் நிறுவனம் கொடுக்கும் டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டு 1.1.1.1, 8.8.8.8 என்று போட்டுப் பாருங்கள்.

டிஎன்எஸ்ஸில் எனக்குப் பிடித்த ஒரு கோளாறு உண்டு. பெரும்பாலான வீட்டு ரவுட்டருக்குள் கடிகாரத்துக்கான பேட்டரி கிடையாது. மின்சாரம் போய்வந்தால் அதற்கு இன்று என்ன தேதி என்று தெரியாது, பழைய ஏதோ ஒரு தேதியிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். நெட் வந்ததும் நேர சர்வரைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். ஆர்வத்தில் ரவுட்டரிலேயே மறைகுறி டிஎன்எஸ் போட்டுவைத்தீர்கள் என்றால், அது சான்றிதழின் தேதியைச் சரிபார்க்கும். தேதி தவறு, சான்றிதழ் செல்லாது, பெயர் தெரியாது. பெயர் தெரியாததால் நேர சர்வரைக் கேட்க முடியாது, கேட்க முடியாததால் தேதி சரியாகாது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம். முந்தின நாள் இரவுவரை நன்றாக ஓடியது, காலையில் கரண்ட் போய்வந்ததும் நெட் இல்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். நேர சர்வர்களில் ஒன்றை எண்ணாகவே கொடுத்துவிட்டால் சுழல் அறுந்துவிடும். புதிதாக ஏற்றியவர்கள் இந்த அலங்காரம் எதையும் முதல் வாரம் தொடாமல் இருப்பது இன்னும் நல்லது.

சில தளங்கள் திறந்து சில திறக்கவில்லை, வாட்ஸ்அப்பில் எழுத்து போகிறது படம் போகவில்லை என்றால் அளவைச் சந்தேகப்படுங்கள். சாதாரணமாக ஒரு பாக்கெட் 1500 பைட்டுவரை இருக்கலாம். பிபிபிஓஈ அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்ளும், மீதி 1492. 1464 பைட் அளவில், துண்டாக்காதே என்ற தேர்வோடு பிங் கொடுத்தால் (தலைப்புக்கு 28 சேர்ந்து 1492) போக வேண்டும். போகவில்லையென்றால் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) குறைத்துக்கொண்டே வந்து எங்கே போகிறது என்று பாருங்கள். ஐபிவி6 (புதிய முகவரி முறை) சரியாக அமையாமல் இருந்தாலும் ஏறக்குறைய இதே மாதிரி இழுக்கும். வான்6ஐத் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழையதற்குத் திரும்பலாமா என்ற கேள்விக்கு: திரும்பலாம், ஆனால் அவசரத்தில் வேண்டாம். ஸ்டிக்கரில் மாடல் பெயருக்குப் பக்கத்தில் வி2, வி3 என்று இருக்குமே, அது ஒன்று மாறினாலும் உள்ளே இருக்கும் சிப்பே வேறாக இருக்கலாம். தவறான கோப்பைப் போட்டால் ரவுட்டர் செங்கல் ஆகிவிடும், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் ஃப்ளாஷ் செய்தாலும் அதே கதி. இப்போது உங்கள் செட்டிங்கைக் குழப்பிவிட்டீர்கள் என்று தோன்றினால் ரீசெட் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் போதும், தொழிற்சாலை நிலைக்கு வரும். அதற்கும் மசியாமல் பக்கமே திறக்காத நிலைக்குப் போனால் ஃபெயில்சேஃப் என்று ஒரு வழி இருக்கிறது. ஆன் செய்து, விளக்கு வேகமாக மினுக்க ஆரம்பித்ததும் பட்டனை அழுத்த வேண்டும். அது இன்னும் வேகமாக மினுக்கினால் உள்ளே போய்விட்டது. லேப்டாப்புக்கு 192.168.1.2 என்று கையால் கொடுத்து 192.168.1.1க்கு எஸ்எஸ்ஹெச் மூலம் உள்ளே போகலாம். உங்களுக்கு அது தேவைப்படாது.

தேர்வைப் பொறுத்தவரை, நாளை இரவுவரை ரவுட்டர் சரியாகவில்லை என்றால் ஃபைபர் பெட்டியிலிருந்து நேராக லேப்டாப்புக்குக் கேபிள் இழுத்து எழுதுங்கள். உங்கள் பெட்டி எண் கொடுக்கும் நிலையில் இருப்பதால் அது பெரும்பாலும் வேலை செய்யும். போன் ஹாட்ஸ்பாட்டையும் ஒரு தடவை முன்கூட்டியே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடியும்வரை ரவுட்டர் காத்திருக்கும்.

லேன் எண்ணை மாற்றியும் வரவில்லை என்றால் மூன்று விஷயம் எழுதுங்கள்: மாற்றியபின் வானில் தெரியும் எண், 8.8.8.8க்குப் பிங் போகிறதா, சிஸ்டம் லாக்கின் கடைசி இருபது வரி. ரவுட்டரின் மாடலும் வி எண்ணும் எழுத்தில் சொன்னால் போதும். ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போட்டுவிடாதீர்கள், அதில் வைஃபை பாஸ்வேர்டும் சீரியல் எண்ணும் இருக்கும்.